சாமிக்கு வாங்கிய ஒரு பாட்டில்

கடலூரில் போலீசிடம் பொய் சொல்லாத ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அவரைத்தான் பிடித்து உள்ளே போட்டார்கள்.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'எழுதிக்கோ' மாமா என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை அவர் சைக்கிள் இடித்து, ரோட்டில் போலீஸ் வைத்திருந்த தடுப்பு சாய்ந்தது. யாரும் பார்க்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போனார். "நான்தான் சார் சாச்சேன். எழுதிக்குங்க." ஏட்டு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். மறுநாளும் போனார். "எழுதிட்டீங்களா சார்?"

அவர் வாயில் ஒரு சொட்டு பட்டதில்லை. ஆனால் அவர் வீட்டு முனீஸ்வரன் குடிப்பார். கல்யாணம் என்றால் பத்திரிகையை முதலில் முனீஸ்வரன் சூலத்தடியில் வைக்கவேண்டும். கருவாடு, சுருட்டு, சாராயம் படைக்கவேண்டும். அப்புறம்தான் ஊருக்குப் பத்திரிகை.

சுனாமிக்கு மறு வருஷம் அவர் பெண்ணுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடித்தாயிற்று. சாராயத்துக்கு எங்கே போவது? நம் பக்கம் சாராயம் வைத்திருந்தால் கேஸ். கவர்மெண்டே கடை போட்டு பிராந்தி விற்கும். அது தப்பில்லை.

"பிராந்தி வச்சிடு மாமா. சாமி இன்னா மோந்தா பாக்கப் போவுது?" என்றேன்.

"உங்கப்பன் தெவசத்துக்கு சோத்துக்குப் பதிலா பன்னு வப்பியா மாப்ள?"

என் ஆட்டோவில் போனோம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாண்டி எல்லை. அங்கே சாராயக்கடைக்கு லைசென்ஸ், போர்டு எல்லாம் உண்டு. ஒரு பாட்டில் வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது செக்போஸ்ட். எங்களுக்கு முன்னால் ஒருத்தன் நிற்க முடியாமல் நின்றான். அவன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கையில் இருந்தால்தான் குற்றம். வயிற்றில் எவ்வளவு இருந்தாலும் தாண்டலாம். எங்களையும் போகச் சொல்லிக் கை காட்டினார்கள். போயிருக்கலாம். மாமா இறங்கினார்.

"சார், சாமிக்கு ஒரு பாட்டில் சாராயம் வச்சிருக்கேன். எழுதிக்குங்க."

"யோவ், காமெடி பண்றியா?" என்றார் எஸ்.ஐ.

"அந்தாண்ட லைசென்சு கடையில வாங்கினது சார். ஆத்தத் தாண்டினா வெஷமாயிடுமா?"

"அது வேற கவர்மெண்டுய்யா."

"ரெண்டு பக்கமும் முனீஸ்வரன் ஒருத்தருதான சார்?"

எழுதிக்கொண்டார்கள். பதினைந்து நாள் ரிமாண்ட். லாரியில் பெட்டி பெட்டியாகக் கடத்துகிறவன் ஒருத்தன்கூட அந்தப் பதினைந்து நாளில் உள்ளே வரவில்லையாம். வெளியே வந்து அதை மட்டும் சொன்னார்.

சிதம்பரத்துச் சம்பந்தி தேடி வந்தார். "சாராய கேசு வூட்டுல நாங்க பொண்ணு எடுக்க மாட்டோம்." சொல்லும்போதே கவர்மெண்ட் பிராந்தி வாடை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மானத்தைப் பற்றிப் பேசினார். நான் கையை ஓங்கினேன். மாமா பிடித்துக்கொண்டார். பெண் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

இரண்டு வருஷம் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அப்புறம் குறிஞ்சிப்பாடியில் ஒரு நல்ல பையன் அமைந்தான். மாமா சூலத்தையே பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"வண்டிய எடு மாப்ள. சாராயம்தான இந்தாண்ட வரக் கூடாது? சாமி அந்தாண்ட போவலாம்ல?"

எலுமிச்சம்பழம் குத்திய முனீஸ்வரன் என் ஆட்டோவில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு பாண்டிக்குப் போனார். எல்லை தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நட்டு, பத்திரிகை வைத்து, ஒரு பாட்டிலையும் ஊற்றிப் படைத்தோம். திரும்பும்போது அதே செக்போஸ்ட். வேறு போலீஸ்காரர்.

"குடிச்சிருக்கியா?"

"நான் இல்ல சார்." மாமா சூலத்தைக் காட்டினார். "அவுரு. எழுதிக்குங்க."

போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழி விட்டார்.

கல்யாணம் நடந்தது. பந்தியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இலையில் இருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

முதல் தடவை போனோமே, அன்று என் சீட்டுக்கு அடியில் இரண்டு பாட்டில் பாண்டி பிராந்தி இருந்தது. அங்கே விலை குறைவு; எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் அதுவும் கேஸ்தான். நான் ஒளித்து வைத்ததை மாமா பார்த்தார். அவரை எழுதிக்கொண்ட எஸ்.ஐ. கடைசியாக அவரிடம் கேட்டார்: "ஆட்டோவுல வேற எதுனா இருக்கா?"

கண்டுபிடித்திருந்தால் என் ஆட்டோவைப் பிடுங்கியிருப்பார்கள்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார். 'எழுதிக்குங்க' என்று சொல்லவில்லை.

அவர் போலீசிடம் சொன்ன ஒரே பொய் அது. என் ஆட்டோ இன்னும் அதில்தான் ஓடுகிறது.