அத்தானின் நினைவு மலருக்குள் புகுந்த தாமிரப் பருந்து

உ
சிவமயம்

அம்பிட்டிய,
கண்டி.

"தாமிரப் பருந்து" சித்திரக்கதை இதழின் ஆசிரியரும் ஓவியருமான செல்வி கோசலா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற நில அளவையாளர் க. விவேகானந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் நலம் என்று எழுதுவதற்கில்லை. என் அக்காவின் கணவர் காலமாகி இப்போதுதான் மரணத் துடக்குக் கழிந்திருக்கிறது. தாங்களும் கடுங்கோபத்தில் இருப்பதாக அச்சகத்து முனாப் நானா சொன்னார். கோபத்தில் இருப்பவருக்குக் கோபத்தில் இருப்பவன் எழுதும் கடிதம் இது, மரியாதைக் குறைவு ஏதும் நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு முறைப்பாடு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக அப்படித் தெரியாமல் போகலாம்.

தாங்கள் மலையகத்து மடுல்கெல்லப் பக்கத்துப் பிள்ளை என்று கேள்விப்பட்டபடியால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம் ஒன்றை விளக்கவேண்டியிருக்கிறது. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் சமைத்துப் படைத்து, சாப்பிட வந்தவர்கள் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்போம். கல்வெட்டு என்றும் சொல்வார்கள். முகப்பில் இறந்தவரின் படம், உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு, நடுவில் பதிகங்களும் உறவினர் உரைகளும், கடைசியில் நன்றி நவிலல். மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதை வந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்கள். என் அத்தான் நடராஜா கம்பளையில் புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர், அதிர்ந்து பேசாதவர், ரயில் பிந்தினால் தானே பிந்தியது போல வெட்கப்படுபவர். அவர் போனதிலிருந்து அக்கா இராசமணி யாருடனும் சரியாகக் கதைக்கவில்லை. கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். சாப்பாட்டை வைத்தால் இரண்டு வாய், பிறகு சுவரைப் பார்த்தபடி இருப்பா. அவ வாய் திறந்து என்னிடம் கேட்ட ஒரே விஷயம், "தம்பி, கல்வெட்டை நீ பார்த்து வடிவா அடிச்சுத் தா" என்பதுதான். நானும் இராப்பகலாக உழைத்தேன். நடுப்பகுதி முழுவதையும் "நானறிந்த அத்தான்" என்று நானே எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பதிகத்துக்கு இடமில்லை. இருந்தாலும் கட்டுரையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள். கட்டுகஸ்தோட்டை அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்த மலர்களைக் கயிறு அவிழ்த்துப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை, வாழையிலை போதாமல் போய் நான் அதற்கு ஓடிக்கொண்டிருந்தேன். பாயாசம் முடிந்து ஆட்கள் கதிரைகளில் சாய்ந்ததும் மலரைக் கொடுத்தோம். வழமையாக இந்த நேரத்தில் எல்லாரும் அதை விசிறியாகத்தான் பாவிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் விசிறவில்லை. வீடு முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம். ஐயர் தட்சணையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசிக்கிறார். என் கட்டுரை இப்படிப் பிடிக்கும் என்று நானே நினைக்கவில்லை, பெருமையோடு ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில், "அன்னார் சாந்த குணம் கொண்டவர், எவர் மனமும் நோக ஒரு சொல் சொல்லி அறியார்." பக்கத்தைப் புரட்டினால், "நில், கலாநிதி கருமேகம்! உன் தாடையைப் பெயர்க்காமல் விடமாட்டேன்!" செம்பு நிற முகமூடியும் செம்புச் சிறகும் போட்ட ஒருவர் ஹந்தானை மலைக்கு மேலாகப் பறந்து வருகிறார். அதிலிருந்து பதினாறு பக்கம் ஒரே அடிதடி. கடைசிப் படத்தில் அவர் சிறகு ஒடிந்து, கெட்டம்பேக்கு மேலே, தலைகீழாக மகாவலி ஆற்றை நோக்கி விழுகிறார். அதற்கு அடுத்த பக்கம் எங்களுடையது: "அன்னாரின் மறைவுச் செய்தி கேட்டு ஓடோடி வந்து உதவிய அனைவருக்கும் எமது நன்றிகள்."

கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா முறையான ஒருவர் கண் கலங்கி என் கையைப் பிடித்து, "நடராஜா இவ்வளவும் செய்தவனே! ஒருநாளும் வாய் திறக்கேல்லையே!" என்கிறார். இன்னொருவர் உங்கள் இதழில் பழைய காலத்துப் பாணியில் போட்டிருந்த பொய் விளம்பரத்தை மெய் என்று நம்பி, "பத்தே நாளில் புஜபலம்" கூப்பனைக் கத்தரிக்கோல் கேட்டு வெட்டிக்கொண்டிருக்கிறார். வயது எண்பத்தொன்று. நான் முற்றத்துக்குப் போய் முனாப் நானாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். அவர், "சேர், கொஞ்சம் பொறுங்க. ரெண்டும் ஒரே சைஸ், ரெண்டையும் ஒரே நாள்ல மடிச்ச. நடுத்தாள் மாறிப் பெய்த்து. ஒங்கட கட்டுரை அவங்கட புத்தகத்துக்குள்ள. அந்தக் கோசலா புள்ள கடையெல்லாத்துலயும் போட்டதத் திருப்பி எடுத்துட்டு, இப்பதான் எனக்கு ஏசிட்டு ஃபோன வெச்ச" என்றார். கலரும் கோட்டை விட்டு வெளியே வழிந்திருக்கிறதே, அதையாவது ஒழுங்காக அடிக்கக்கூடாதா என்று கேட்டேன். "அது நான் செஞ்ச இல்ல சேர். கலர் வெளிய போகோணும் எண்டு அந்தப் புள்ளதான் செல்லிச்சி. நான் சரியாக்கிக் குடுக்கக் குடுக்க, பிழையாக்கித் தாங்க எண்டு திருப்பி அனுப்பிச்சி!"

இந்த இடத்தில் முறைப்பாட்டைச் சற்றே நிறுத்திவைத்து ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிழையை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று தெரிந்ததும் திரும்பவும் உள்ளே போய் முழுவதையும் பார்த்தேன். பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன், எவ்வளவு வடிவு! நான் சின்னப் பெடியனாக இருந்தபோது வாங்கிய சித்திரக்கதைகளில் வீரனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் நிற்கும், வானத்து நீலம் வில்லனின் காதில் வழியும். நீங்கள் அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறீர்கள். கிட்டப் பிடித்தால் புள்ளி புள்ளி, தள்ளிப் பிடித்தால் முகம். பருந்து குதிக்கும் படத்துக்கு மேலே பெட்டி கட்டி "பருந்து குதிக்கிறான்!" என்று எழுதியும் இருக்கிறது. கண்ணில் வெண்புரை உள்ளவனுக்கு இரண்டு தரம் சொல்வது பெரிய உதவி. கலாநிதி கருமேகம் பருந்தைக் கட்டிப்போட்டுவிட்டு, மகாவலியை மலைப்பக்கமாகத் திருப்பி ஓடவைக்கும் தன் திட்டத்தை இரண்டு பக்கத்துக்கு ஆறுதலாக விளக்குகிறாரே, அதற்கிடையில் இவர் கட்டை அவிழ்க்கிறாரே, அப்படித்தான் இருக்கவேண்டும். இந்தக் காலத்துப் படங்களில் இருட்டுக்குள் இருவர் அடிபடுவார்கள், எவர் நல்லவர் என்று படம் முடிந்தும் தெரியாது. உங்கள் பருந்து நல்லவர். அடிபடும்போது ஒரு பழக்கடை மேல் விழுந்தவர், வில்லனைத் துரத்துமுன் தோடம்பழங்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டுப் போகிறார். அந்தப் படத்துக்காகவே உங்களைக் கைகூப்பி வணங்கலாம். நில அளவையாளன் என்ற முறையில் நிழல்களையும் சோதித்தேன். காலை வெயிலில் எல்லா நிழலும் மேற்கே விழுகிறது, பஹிரவகந்த மலையும் அதன் இடத்தில் இருக்கிறது. மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் பஸ் நிலையத்தின் பிழையான பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். பருந்து அதை இடித்துத் தள்ளிவிடுவதால் மன்னிக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் எனக்குப் பிந்தி வந்த சந்தோஷம், அன்றைக்கு எனக்கிருந்த பயம் அக்கா. மலர்களைத் திருப்பி வாங்கலாம் என்று போனால் ஒருவரும் தருவதாக இல்லை, மடியில் ஒளிக்கிறார்கள். அக்கா ஒரு பிரதியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. அவ என்னிடம் கேட்ட ஒரே ஒரு காரியம், அதையும் கேலிக்கூத்தாக்கிவிட்டேனே என்று வாசலிலேயே நின்றேன். கனநேரம் கழித்து, "தம்பி, இஞ்ச வா" என்று குரல். போனேன். கட்டிலில் இருந்து, ஒரு சின்னப் படத்தில் விரலை வைத்துக் காட்டுகிறா. பருந்து முகமூடியைக் கழற்றிவிட்டு நனைந்துபோய் வீட்டுக்கு வருகிறார், பெண்சாதி வாசலில் நிற்கிறா, அவ்வளவுதான் படம். "பார், தலை துவட்டத் துவாயை முதலே எடுத்து வைச்சிருக்கிறா. எங்க போனனீங்கள் எண்டு ஒரு கேள்வி இல்லை. இவவுக்கு எல்லாம் தெரியும். தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார், விசரன்" என்றா. சொல்லிவிட்டுச் சிரித்தா. பிள்ளை, நான் முழுவதையும் மூன்று தரம் பார்த்தவன், நிழலெல்லாம் அளந்தவன், அந்தத் துவாய் என் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு அக்கா கடைசிப் படத்துக்குப் புரட்டி, "இவர் எழும்பினவரோ?" என்று கேட்டா. எனக்குத் தெரியாது என்றேன். "விழுந்த கையோட நன்றி சொல்லிப் போட்டியளே, என்ன ஆக்கள்!" என்று ஏசினா. அக்கா ஒருவரை ஏசி எவ்வளவு நாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் இதே கதைதான். செம்புச் சிறகு தண்ணீரில் பாரமாக இருக்காதா, கெட்டம்பேயில் ஆழம் எவ்வளவு, மற்றச் சிறகு உடைந்ததா, சுளுக்கியதா. கதைத்தபடியே சோறு முழுவதையும் சாப்பிட்டுவிடுகிறா, கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் கேட்கிறா. என்னைக் கண்டியிலுள்ள அத்தனை புத்தகக் கடைக்கும் அனுப்பிப் பார்த்தா, தாங்கள் ஒரு பிரதி மிச்சம் வைக்கவில்லை. ஆகவே என் கோரிக்கை யாதெனில், எங்கள் குடும்பத்தின் மனம் நொந்ததற்குத் தாங்கள் ஒரு வருத்தம் தெரிவிக்கவேண்டும். தங்களிடம் சிக்கியிருக்கும் என் கட்டுரையை மடிப்புக் கலையாமல் திருப்பித் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் முதல், கதையின் முடிவுப் பக்கங்களை உடனே அனுப்பவேண்டும். தொடக்கமும் எனக்குத் தெரியாது, அந்த மனுசன் ஏன் பறக்கிறார் என்றே தெரியாது, ஆனால் அது இருக்கட்டும். முடிவுதான் அவசரம். விழுந்தவர் எழும்பினாரா என்று அக்காவுக்குத் தெரிந்தாகவேண்டும். எழும்பவில்லை என்றால் தயவுசெய்து எழும்பவைத்து ஒரு பிரதி அடித்து அனுப்புங்கள், முனாப் நானாவிடம் நான் கதைக்கிறேன்.

தங்கள் கைக்கும் பேனைக்கும் நீண்ட ஆயுளும், தங்கள் இதழுக்குக் குறைவில்லாத வாசகரும், மடுல்கெல்லயில் பெற்றோருக்குச் சுகமும் கிடைக்க எல்லாம் வல்ல கதிர்காமக் கந்தன் அருள்புரிவானாக. படம் வரைந்த கைக்கு இந்தக் கிழவனின் தனி வணக்கம்.

இப்படிக்கு,
பதில் காணும்வரை தபால்காரனையே பார்த்திருக்கும்
க. விவேகானந்தன்

பி.கு.: உறையில் போடுமுன் இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டுரையைத் திருப்பிக் கேட்கவேண்டாமாம். "அதில அவர் எங்க வாறார்? நீதானே வாறாய்" என்கிறா. வருத்தம் தெரிவிப்பதும் வேண்டாமாம், அது உங்கள் பிழை இல்லையாம். முடிவைப் பற்றிய இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினா. "அதையும் வெட்டு. முடிவு வேண்டாம் தம்பி. இப்ப அவர் இன்னும் விழேல்லைத்தானே. பாதி வழியில நிக்கிறார். நிக்கட்டும்" என்றா. சொல்லிவிட்டு எழும்பிப் போய் மலரை அத்தானின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தா, அந்தப் பக்கத்தை விரித்தபடி. ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்தவேண்டாம், அம்பிட்டிய விலாசத்துக்கு எதையும் அனுப்பவேண்டாம். ஆனால் என்னால் பொறுக்க ஏலாது பிள்ளை. முனாப் நானாவின் அச்சகத்துக்கு என் பெயர் போட்டு அந்த முடிவுப் பக்கங்களை அனுப்பிவிடுங்கள், நான் அங்கேயே நின்று வாசித்துவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வரப் பிந்தும்தான், ஆனாலும் எங்கே போனாய் என்று அக்கா கேட்கமாட்டா.