எல்லாம் சரி, காபி குடிக்கிறோம்

ஹார்டங்கர் மலைச்சாலை ஓரம்,
வியாழக்கிழமை மதியம்

மதிப்பிற்குரிய மைத்துனர் இங்வால்ட் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும், இந்நேரம் தங்கள் விருந்தினர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கக்கூடிய என் மனைவி தோர்டிசும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அடுத்த வரியில் ‘நானும் நலம்’ என்று எழுதுவதுதான் முறை. அந்தச் சொல்லால்தான் இங்கே கிடக்கிறேன் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். என் போன் குளிரில் செத்துவிட்டது, ஆகையால் கடிதம்.

இன்று உங்கள் வீட்டு உருளைக்கிழங்கு உருண்டை விருந்துக்கு இருவரும் கேரவனில் வருவதாகச் சொல்லியிருந்தோம். தோர்டிஸ் மட்டும், அதுவும் பனி அள்ளும் வண்டியில் வந்து இறங்கியிருப்பாள். அவள் என்ன சொன்னாளோ, நடந்ததை நான் எழுதுகிறேன்.

ஏற்றம் தொடங்குமுன்பே, “பனியில வழுக்காம சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிடுங்க” என்றாள். “புது டயர், ஏறிடும்” என்றேன். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் பாரமெல்லாம் பின்னால் இருந்தால், பனியில் முன்சக்கரம் வெறுமனே சுற்றும் என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆயுசெல்லாம் படகில் எஞ்சின் பார்த்தவன். ஆனால் பின்னால் இருந்த பாரம் உங்களுக்காக அவள் ஏற்றிய உருளைக்கிழங்கு மூட்டைகள், அதில் நான் கை வைக்க முடியுமா. பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று ஓரம் கட்டினேன். நான் ஓரம் என்று நினைத்தது வெறும் பனி, வலது சக்கரம் அதில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பதற்றத்தில் கைப்பிரேக்கை இழுத்தேன், இழுத்தபடியே உறைந்துவிட்டது. சங்கிலி இருந்த பெட்டியின் கதவும் உறைந்துவிட்டது. காற்றில் ஹீட்டர் அணைந்தது. குளிர் கூடினால் குழாய் வெடிக்காமலிருக்க, தண்ணீரைத் தானாகவே கீழே கொட்டிவிடும் வால்வு ஒன்று இந்த வண்டியில் உண்டே, கோடையில் உங்களிடம் பெருமையாகக் காட்டினேனே, அது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. பம்பை நிறுத்த மறந்திருந்தேன், தொட்டித் தண்ணீர் முழுவதும் சக்கரத்தடியில் கொட்டி உறைந்தது. கேரவனை மலையோடு பற்றவைத்த மாதிரி ஆகிவிட்டது.

இதுவரை உங்கள் தங்கை பொறுத்துக்கொண்டாள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, “என்ன பெரியவரே, மாட்டிக்கிட்டீங்களா? கயிறு கட்டி இழுக்கட்டுமா?” என்றார். அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும். “அதெல்லாம் இல்ல, எல்லாம் சரி. சும்மா நின்னு காபி குடிக்கிறோம்” என்றேன். வண்டி சாய்ந்திருந்ததால் நானும் சாய்ந்தபடிதான் சொன்னேன். அவரும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “சரி, நல்லா குடிங்க” என்று போய்விட்டார். அடுத்து ஜீப்பில் ஒரு தம்பதி. அவர்களிடமும் காபிதான்.

உள்ளே இருந்த கம்பளியையெல்லாம் தோர்டிஸ் போர்த்திக்கொண்டு, “காபி போடத் தண்ணி எங்கங்க இருக்கு?” என்றாள்.

“முன்பின் தெரியாதவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?”

“அப்ப எனக்கு? நான் நடுங்கிட்டு உக்காந்திருக்கேனே, இது தொந்தரவு இல்லையா?”

நான் போய் உறைந்த கைப்பிரேக்கை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் பனி அள்ளும் வண்டியை ஓட்டிக்கொண்டு சில்யே என்ற பெண் வந்து நிறுத்தி, “எல்லாம் சரிதானே?” என்றாள். நான் வாயெடுக்குமுன் தோர்டிஸ் பையோடு இறங்கி, “ஒண்ணும் சரியில்ல கண்ணு. என்னைக் கீழ எங்க அண்ணன் வீட்டுல விட்டுடு” என்றாள். ஏறும்போது என் பக்கம் திரும்பி, “உங்களை வாங்கன்னு நான் கூப்பிடப்போறதில்ல. நானும் வரேன்னு நீங்களா கேக்கணும்” என்றாள்.

“நான் வண்டியைப் பாத்துக்கிறேன்” என்றேன். மலையோடு ஒட்டியிருக்கிற வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்.

மைத்துனரே, எனக்குப் பயமாக இருக்கிறது. குளிருக்கல்ல. இனி அவள் என்னோடு எங்குமே வராமல் போய்விடுவாளோ என்றுதான். அவளிடம் நல்ல வார்த்தை சொல்லுங்கள். நான் திருந்திவிட்டேன். சில்யே திரும்பி வந்ததும், என்னையும் வண்டியையும் காப்பாற்று என்று வெட்கப்படாமல் கேட்டு, இந்தக் கடிதத்தையும் கையோடு கொடுத்தனுப்புவேன்.

எனக்கு ஓர் உருண்டை எடுத்துவைத்தால் புண்ணியமாகப் போகும். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கமும், தோர்டிசுக்கு அவள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு என் அன்பும்.

தங்கள் தங்கையின் கணவன்,
ஆஸ்முண்ட்

பி.கு.: சற்றுமுன் சில்யே வந்தாள். கண்ணாடியைத் தட்டி, “எல்லாம் சரிதானே, பெரியவரே?” என்றாள். கடிதம் கையில்தான் இருந்தது. “சரிதாம்மா, காபி குடிக்கிறேன்” என்றேன். போய்விட்டாள். தூரத்தில் இன்னொரு வண்டியின் விளக்கு தெரிகிறது. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருந்தால், நான் யாரிடமோ வாயைத் திறந்து கேட்டுவிட்டேன் என்று தோர்டிசிடம் சொல்லுங்கள்.