கடைசி வரிசைப் பெஞ்சுகள் விற்றுப்போயின

அன்புள்ள மகளுக்கு, உன் அப்பா எழுதிக்கொள்வது.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் தம் கண்பார்வையில் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு கோயில் பங்கின் பொருளாளராக இருப்பவன் அப்படி எழுதினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்ல வேண்டிவரும். அதனால் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். நீ போன மாதம் வரச் சொல்லிக் கேட்டதற்குப் பதில்: வருகிறேன். இந்தப் பொறுப்பை உதறிவிட்டு உன் வீட்டோடு வந்து இருந்துவிடுகிறேன். டிக்கெட் எடுத்துவிடு.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஒரு வகையில் எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். பங்குப் பேரவைக் கூட்டம் நடந்த அன்று நீ போன் செய்தாய். வராந்தாவுக்குப் போய், பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் எல்லோரும் கை தட்டினார்கள். பேரன் தேறியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நானும் சிரித்து வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். "மின்கட்டணம் வாங்குற ஜன்னல்ல ஆயுசு பூரா உக்காந்தவரு, இவரை விட்டா யாரு" என்றாராம் பாடகர் குழுத் தலைவர். அந்த ஜன்னலுக்கு ஆட்கள் பணத்தோடு வந்து நின்றார்கள், இங்கே அப்படி யாரும் வருவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பங்கின் தலையில் ஏறியிருக்கிற கடன் எதற்கு என்பது உனக்குத் தெரியும். போன சாமியார் கட்டிய மணிக்கோபுரம். ஆயர் இல்லத்தில் கடன் வாங்கினார், கட்டினார், மாலையும் கழுத்துமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார், மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, மணியை அடித்தால் கோபுரம் ஆடும், அடிக்காதீர்கள் என்கிறார். அடிக்காத மணிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். பூசைக்கு நேரமாயிற்று என்று சொல்ல உபதேசியார் தெருத்தெருவாகச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போகிறார். ஆயர் இல்லத்துக் கடிதம் என்னவோ மரியாதையான கடிதம்தான். வருட முடிவுக்குள் பாக்கித் தவணை வராவிட்டால் நம் பங்கைப் பக்கத்துப் பங்கோடு சேர்த்துவிடுவார்களாம். அப்புறம் மாதம் ஒரு பூசை, மற்ற நாளெல்லாம் பூட்டு. பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கும் சேர்த்துத்தான் பூட்டு. உன் அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று அந்தக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை. எனக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது.

புதுச் சாமியாரிடம் போய் முட்டிக்கொள்ளவும் வழியில்லை. நல்ல மனுஷன், அதுதான் தொந்தரவு. காணிக்கைப் பை சுற்றி வரும்போது நம் ஜனங்களுக்குப் பக்தி முற்றிக் கண் மூடிவிடும். அதையும் மீறிப் பையில் விழுவதை இவர் வாசலில் வந்து நிற்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். அம்மாவை அடக்கம் பண்ணக் காசில்லை என்று ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நாள் கழித்து அவனே வந்து, அம்மாவை அடக்கம் பண்ண வேண்டும் என்றான். "ஃபாதர், இவன் அம்மா ஏற்கெனவே செத்தாச்சு" என்றேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "சின்னம்மாவா இருக்கும் ஐயா. சின்னம்மாவும் அம்மாதானே" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் கடனை அடைக்க வேண்டும்.

அப்போதுதான் பாடகர் குழுத் தலைவர் பெஞ்சு யோசனையை எடுத்துவிட்டார். ஒரு பெஞ்சுக்கு ஒரு குடும்பம் பணம் கொடுத்தால் அதன் முதுகில் அவர்கள் பெயரை எழுதிவிடலாம். பெஞ்சு பழசுதான், பெயர் மட்டும் புதுசு, செலவு ஒரு டப்பா பெயின்ட். சொன்னால் நம்ப மாட்டாய், கடைசி வரிசைக்கு அடிதடி. தூணுக்குப் பின்னால் சாமியார் கண்ணில் படாமல் இருக்கும் பெஞ்சுக்கு இரண்டு குடும்பங்கள் ஏலம் போல ஏற்றிக்கொண்டே போயின. பின்னாலிருந்து வரிசையாக எல்லாம் போயிற்று. பீடத்துக்கு நேர் எதிரே இருக்கிற முன் பெஞ்சை மட்டும் சும்மா கொடுத்தாலும் யாருக்கும் வேண்டாம். வந்த பணத்தை அப்படியே ஆயர் இல்லத்தில் கட்டினேன். சரியாக அந்த ஒரு பெஞ்சு அளவுக்குத் தவணை இடிக்கிறது. என் பென்ஷனில் அதற்கு இடமில்லை என்று உனக்கே தெரியும். உன் அம்மா மட்டும்தான் அந்தப் பெஞ்சில் உட்காருவாள். காது மந்தம் என்று வெளியே சொல்வாள். என்னிடம் சொன்னது வேறு: "பிரசங்கத்துல பாவம் சாமியாரு தடுமாறுறப்போ பாக்கறதுக்கு ஒரு மொகமாவது வேணாமா?"

பெஞ்சு வாங்கியவர்களில் மரக்கடைக்காரர் ஒருவர். ஒரு ஞாயிறு, பணக்காரன் மோட்சம் போவதைவிட ஒட்டகம் ஊசிக் காதில் நுழைவது சுலபம் என்று வருகிற வாசகம். பூசை முடிந்ததும் சாமியாரை வழிமறித்து, "என்னத்தானே சொன்னீங்க?" என்றார். "இல்லீங்க, இன்னைக்கு முறைப்படி வர்ற வாசகம் அது. உலகம் பூரா இதத்தான் படிச்சிருப்பாங்க" என்றார் சாமியார். "உலகம் பூரா என்னைப் பத்திப் பேசறாங்களா?" என்று அவருக்கு இன்னும் ஏறிவிட்டது. மறுநாள் வண்டியோடு வந்து பெஞ்சை ஏற்றினார். நான் குறுக்கே போய் நின்றேன். ரசீதை நீட்டினார், என் கையெழுத்து. அந்தக் காலத்து ஜன்னல் பழக்கத்தில் 'பெஞ்சு ஒன்று, முழுத் தொகை பெறப்பட்டது' என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். விற்பனை ரசீதாகிவிட்டது. இப்போது அது அவர் கடை வாசலில் கிடக்கிறது, பலகை வாங்க வருபவர்கள் உட்காருகிறார்கள். எல்லோரிடமும் அதே ரசீதுதான் இருக்கிறது. தையல்காரர் நேற்று இன்ச் டேப்போடு வந்து தன் பெஞ்சை அளந்துகொண்டு போனார். வீட்டுக் கூடத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

எனக்கு அலுத்துவிட்டது மகளே. யாரைப் பார்த்தாலும் கேட்பதற்கென்றே பார்ப்பதாகிவிட்டது. பழைய சிநேகிதர்கள் என் தலை தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெட்டிச் சாவியோடு சாமியார் கையில் கொடுத்துவிடுவேன். யார் என்ன சொன்னாலும் மாற்றமில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், எந்தக் கமிட்டியிலும் மாட்டிக்கொள்ளாத புத்தியையும் தருவாராக.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. உபதேசியார் சைக்கிள் பஞ்சர். மணி கேட்காமல் ஞாயிறு பூசைக்குத் தாமதமாகப் போனேன். பின்னால் எல்லாப் பெஞ்சிலும் பெயர்க்காரர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன் பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். சாமியார் பிரசங்கம் முழுவதையும் என்னைப் பார்த்தே சொன்னார். பாவம், வேறு யாரைப் பார்ப்பார். நடுவில் தடுமாறியபோது நான் தலையாட்டினேன், பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டார். ராஜினாமா சட்டைப்பையிலேயே இருக்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை உடனே அனுப்பு. முன் பெஞ்சில் உன் அம்மா பெயரை எழுதச் சொல்லிவிட்டேன், பெயின்ட் இன்னும் காயவில்லை. மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடு, இந்த முறை ரசீதில் நன்கொடை என்றுதான் எழுதுவேன். வண்டி கொண்டுவந்தாலும் பெஞ்சு கிடைக்காது.