தொண்ணூற்றாறு விழுக்காடு திருடி

"தொண்ணூற்றாறு விழுக்காடு திருட்டு!" என்று கணினித் திரை சிவந்தது. செவிலி நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டாள்.

பகலெல்லாம் மருத்துவமனையில் நின்ற கால்கள், மாலையில் கல்லூரிப் படியேறிய கால்கள் அவை. பெண்ணே, ஏட்டைத் தொடாதே என்றது அந்தக் காலம். தொட்டாயே, எங்கே எடுத்தாய் என்கிறது இந்தக் காலம்! 'வீட்டு வேலைக்கு ஏன் ஊதியமில்லை?' என்ற அவளுடைய கட்டுரையில் ஒவ்வொரு கருத்துக்கும் அடிக்குறிப்பு இருந்தது. ஆயினும் எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் ஒப்பீட்டு இணையதளத்தில் ஏற்றிச் சோதித்த பிறகே தரவேண்டும். திருட்டென்றால் படிப்பு அன்றோடு முடிந்தது. அது பேராசிரியையின் சட்டம்.

திங்களன்று, தன் மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனதால் கணவனுடையதைக் கொடுத்து உறுப்பினராகி, எதற்கென்றே படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டங்களை எல்லாம் அழுத்திக் கட்டுரையை ஏற்றினாள். ஒரே ஒரு வரிக்குத்தான் மூலம் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்து மறுநாள் ஏற்றியதன் பரிசு இது: "எங்கள் சேமிப்பிலுள்ள ஓர் உறுப்பினரின் கட்டுரையோடு ஒத்துள்ளது."

கூடப் படிக்கும் தையற்காரியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"வார்த்தைய மாத்திடுங்கக்கா. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியப்போகுது!"

'பாத்திரம் துலக்குதல்' 'கலம் விளக்குதல்' ஆயிற்று. 'குழந்தை வளர்ப்பு' 'மழலை ஓம்பல்' ஆயிற்று. ஏற்றினாள். இரண்டு கட்டுரைகளோடு ஒத்துள்ளது என்றது தளம்.

"இப்ப ரெண்டு பேராம்டி!"

"அப்ப பத்தியக் கலைச்சுப் போடுங்க."

முடிவை முன்னே வைத்தாள். முன்னுரையை நடுவே செருகினாள். மூன்று!

"அக்கா, கோவிச்சுக்காதீங்க... நிஜமாவே எங்கேயும் சுடலையே?"

"அடிப்பாவி, நீயுமா!"

தொலைபேசியை வைத்தவளை மனச்சான்று பிடித்துக்கொண்டது. பிறர் உழைப்பை உண்போரைச் சாடி எழுதிய கையா, இன்னொருத்தியின் உழைப்பைக் களவாடியது? எங்கோ படித்ததை மறந்து தன்னுடையதென்று எழுதிவிட்டாளா? நாளை பேராசிரியையிடம் சொல்லிவிடலாம். அதற்குமுன் உரியவளிடம் சொல்லவேண்டாமா?

தளத்தில் 'கட்டுரையாளருக்கு எழுத' என்ற பொத்தான் இருந்தது. அழுத்தினாள்.

"முகமறியாத தோழியே! உன் கட்டுரையை அறியாமல் எடுத்தாண்டுவிட்டேன். நீ மன்னித்தால் படிப்பேன், மறுத்தால் விலகுவேன். இப்படிக்கு, ஒரு மாணவி."

அனுப்பியதும் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கழுவாத தட்டை மேசைமேல் விட்டுவிட்டு, கைபேசியும் கையுமாய் ஓடிவந்தான் கணவன்.

"ஏம்மா, அநியாயத்தைப் பாத்தியா? திங்கக்கிழமை நீ ஏத்தின கட்டுரையை எவளோ அப்படியே சுட்டுட்டாளாம்! இப்ப மன்னிப்புக் கேட்டு உருகி உருகி எழுதியிருக்கா. போனாப் போகுதுன்னு விட்டுடலாமா, இல்ல கேஸ் போடலாமா?"