நாற்பத்தோராம் பக்கத்து ஆடு

மனிதர்களில் மானுவல்காரர் என்று ஓர் இனம் உண்டு. எந்த இயந்திரத்தையும் தொடமாட்டார். அதன் பராமரிப்புப் புத்தகத்தை மட்டும் கரைத்துக் குடித்திருப்பார். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஆம்பூர் சம்பந்தம் பி.ஏ., சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் சிறிய விமானங்களுக்கான மானுவலை வாங்கி, பழுப்புக் காகித அட்டை போட்டு, சாப்பிடும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இஞ்சின் எண்ணெயை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று கல்யாணப் பந்தியில்கூட விளக்கி ஊரையே பேஜார் பண்ணிவிட்டார். விமானம்? கிட்டத்தில் கண்டதில்லை. ஒருமுறையாவது ஏறிவிடவேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்து அரித்தது.

ஒரு மாசி மாலையில், வற்றிய ஏரியில் விமானமே வந்து இறங்கியது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம். பஸ் முதலாளி ஆபித் பாஷா இரண்டு டின் அனுப்பினார். ஆனால் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிடாமல் வடிகட்டும் தோல் கிழிந்துபோயிருந்தது. பொழுது சாய்வதற்குள் வேறு தோல் தருபவரை ஒரு சுற்று ஏற்றிக் காட்டுவதாகச் சொன்னார் வெள்ளைக்கார விமானி.

சம்பந்தத்துக்குப் புல்லரித்தது. உடனே தோல் தேடி ஓடினாரா? மானுவலைப் பிரித்தார். முன்னுரையிலிருந்து தொடங்கினார். நாற்பத்தோராம் பக்கத்தில் 'ஷாமாய்' தோல் என்றிருந்தது. அது ஐரோப்பிய மலைகளில் திரியும் ஒருவகை ஆடு, ஆகவே இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது என்று, தோலுக்கே பேர்போன ஊரில் நின்றுகொண்டு கூட்டத்துக்கு விளக்கினார்.

தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் சவுரியம்மாள் கிழிந்த துண்டை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"எண்ணெய்ல பதம் பண்ண செம்மறித்தோல். நம்ம ஷாப்புல கீது. எடுத்துட்டு வர்றேன்."

"அது வேற ஆடு, சவுரிம்மா. புக்குல வேற ஆடு போட்டுக்கீது."

இதை அவர் இங்கிலீஷிலும் சொன்னார். ஆடு எந்த மலையில் மேய்ந்தது என்று பெட்ரோல் விசாரிக்குமா என்று கேட்டார் விமானி.

தோல் வந்தது. பெட்ரோல் அதன் வழியே இறங்கியது, தண்ணீர் தோலுக்கு மேலேயே நின்றது. சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சம்பந்தம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கூட ஓடினார்.

"வாரை இறுக்கிக் கட்டிக்கோ, அறுபத்திரண்டாம் பக்கம்."

"நீ படிச்சிட்டே இரு, தம்பி. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஷாமாய் உண்மையிலேயே ஆடுதானா என்று பார்க்க உங்கள் கை அகராதிப் பக்கம் நீண்டதே, அது எதற்கு? ஏரிக்கரையில் சம்பந்தத்துக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது.