ஒண்ணேகால் மேஜரும் ஒரு ஜோடி பூட்ஸும்

இந்திய ராணுவத்தின் மானத்தை ஒற்றை ஆளாகக் காப்பாற்றியவர் யார் என்று கேட்டால், செங்கல்பட்டுக்காரர்கள் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள்: ஒண்ணேகால் மேஜர். காப்பாற்றிய இடம்தான் கொஞ்சம் விசேஷம். எல்லையில் இல்லை, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தியேட்டர் வாசலில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் மேஜர் கிடையாது. பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டி, நாயக் என்ற சின்னப் பதவியோடு ஊர் திரும்பி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பேட்டரிக் கடை போட்டவர். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு, சில சமயம் உயிரோடு ஆடு, இவற்றை மலைமேல் கொண்டுபோய் இறக்கியதுதான் அவர் பார்த்த யுத்தம். துப்பாக்கியைத் துடைத்த அளவுக்குச் சுட்டதில்லை என்று அவரே சொல்வார். ராணுவம் தர மறந்த பதவி உயர்வை ஊர் கொடுத்தது. அவரும் மறுக்கவில்லை.

அப்போது நான் செங்கல்பட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். அவர் கடைக்கு எதிர்ச்சந்தில் குடியிருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக என்னைத் தன் உதவியாளனாக நியமித்துக்கொண்டார். என்ன வேலை என்கிறீர்களா? ராணுவப் படம் எது வெளியானாலும் முதல் நாள் காலைக் காட்சிக்கு அவரோடு போக வேண்டும். படத்தில் இருக்கும் தப்புகளை அவர் சொல்லச் சொல்ல இருட்டில் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

"இன்சூரன்ஸு, எழுது. தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கிறான். தலைல தொப்பி இல்லன்னா சல்யூட்டே கெடையாது. எழுதினியா?"

"எழுதிட்டேன் மேஜர்."

"கிராப்பைப் பாரு. கமாண்டோவா, கல்யாண மாப்ளையா? எழுது."

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவார். தப்பு கண்ணில் பட்டதும் எழுந்து நின்று ஆள்காட்டி விரலைத் தூக்குவார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த விரல் இரண்டு ஆள் உயரத்துக்குத் திரையில் நிழலாக விழும். ஹீரோயின் கண்ணீர் விடுகிற நேரத்தில் அவள் மூக்குக்கு நேராக ஒரு விரல் முளைக்கும். மற்ற ஊரில் இதற்கு அடி விழுந்திருக்கும். எங்கள் ஊரில் கைதட்டினார்கள். சில படங்களுக்கு விரலைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

படம் முடிந்தால் வாசலில் மைக்கோடு பொத்தேரி கல்லூரி மாணவர்கள் நிற்பார்கள். யூடியூப் சேனல்காரர்கள். மற்றவர்களிடம் அரை நிமிஷம், மேஜரிடம் பத்து நிமிஷம் கேட்பார்கள். மேஜர் நோட்டை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தப்புகளை வரிசையாக வாசிப்பார். கடைசியில், "ரேட்டிங் சார்?" என்றால் எப்போதும் ஒரே பதில்தான்.

"அஞ்சுக்கு ஒண்ணேகால். ஒண்ணு யூனிஃபார்முக்கு. கால் இன்டர்வெல் பப்ஸுக்கு."

கோடிகளைக் கொட்டி, ஹெலிகாப்டர்களை வெடிக்கவிட்டு எடுத்த படத்துக்கும் இதே ஒண்ணேகால்தான். பப்ஸ் ஆறியிருந்தால் வெறும் ஒன்று.

அப்படி மைக் பிடித்தவர்களில் ஒருத்திதான் கல்பனா. படூர்ப் பெண். படிப்பை முடித்தாள், இரண்டு வருஷம் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்தாள், ஒரு நாள் நேராக மேஜர் கடைக்கு வந்து நின்றாள்.

"அங்கிள், நான் படம் பண்றேன். மிலிட்டரி ஆக்‌ஷன் த்ரில்லர்."

"கைல துட்டு கீதா?"

"இல்ல அங்கிள்."

"டாங்கி?"

"ஒரு பழைய லாரி கிடைச்சிருக்கு."

மேஜர் யோசித்தார். "லாரி கீதுன்னா பேசலாம்."

"எத்தனை வருஷமா தப்பு தப்புன்னு சொல்றீங்க. வந்து பக்கத்துல நில்லுங்க. தப்பில்லாம எடுத்துக் காட்டுறேன்."

அந்த நிமிஷத்திலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பேட்டரிக் கடையை மைத்துனரிடம் விட்டார். டீக்கடை, சலூன், ரயில்வே கேட் என்று நாலு பேர் நிற்கிற இடமெல்லாம் போய், "நம்ம படம் வருது. ஒரு தப்பு இருக்காது. இருந்தா வாசல்ல நிக்க வெச்சுக் கேளு" என்று அறிவித்தார். இது போதாதா? இத்தனை நாள் விரலைப் பார்த்துச் சிரித்த ஊர், தங்கள் விரல்களைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவர் பந்தயமாக வைத்தது தன் பேரை. அதைத் தவிர வேறு சொத்து அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.

படத்தின் கதை இமயமலையில் நடக்கிறது. படப்பிடிப்பு நடந்தது கேளம்பாக்கம் உப்பளத்தில். பனிக்கு உப்பு. மே மாத வெயிலில் ஒன்பது பேர் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கினோம். ஆமாம், நானும்தான். ஆள் குறைகிறது என்று மேஜர் என்னைச் சேர்த்துவிட்டார். மத்தியானச் சாப்பாடு வரை நாங்கள் இந்திய வீரர்கள். சாப்பிட்டு எழுந்ததும் தொப்பியை மாற்றி எதிரிகள். காலையில் நான் சுட்ட எதிரியாகச் சாயங்காலம் நானே விழுந்து செத்தேன். எல்லைக் காடு மாமல்லபுரத்துக்கு அந்தப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு. எதிரியின் தலைமையகம், படூரில் பாதியில் நின்றுபோன ஒரு அபார்ட்மென்ட்.

மேஜர் எங்களை உயிரோடு விடவில்லை. ஷூ லேஸ் கட்டுகிற விதத்துக்கே அரை நாள். சல்யூட்டுக்கு ஒரு நாள். லாரியின் நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை யாரையும் தொடவிடாமல் அவரே பெயின்டால் வரைந்தார். "ஆர்மி வண்டிக்கு நெத்திப்பொட்டு மாதிரி இது" என்றார். இரண்டு பேர் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி ஓடிப்போனார்கள். அவர்களைத் தேடிச் செங்கல்பட்டு வரை போய்க் கூட்டி வந்தார்.

லாரியை உப்புச் சேற்றில் ஓட்ட யாருக்கும் தைரியம் வராததால், டிரைவர் வேஷத்தையும் அவரே ஏற்றார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஹீரோவைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஷாட் எடுத்த அன்றைக்குத்தான் வினை. ஒன்பது பேருக்கு எட்டு ஜோடி பூட்ஸ்தான் கிடைத்திருந்தது. ஒன்பதாவது ஆளான எனக்கு, கறுப்புச் சாயம் அடித்த கேன்வாஸ் ஷூ. நாலு நாள் உப்புத் தண்ணீரில் நின்று அதன் அடி பிய்ந்துவிட்டது. பாதம் வெடித்து, உப்பு ஏறி, நான் அடுத்த ஷாட்டுக்கு நடக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மேஜர் வந்து குனிந்து பார்த்தார். தன் சொந்த பூட்ஸைக் கழற்றினார். சர்வீசிலிருந்து கொண்டுவந்து வருஷக்கணக்காகப் பாலிஷ் போட்டு வைத்திருந்த பூட்ஸ்.

"போட்டுக்கோ."

"நீங்க, மேஜர்?"

"நான் சீட்ல குந்திகினு கீறேன். கால எவன் பாக்கப் போறான்?"

பையிலிருந்து நீல வார் ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு லாரியில் ஏறினார். ஷாட் போனது. பாதி வழியில் பின் சக்கரம் சேற்றில் புதைந்தது. வண்டி நின்றால் டிரைவர் குதித்து இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பான், பதினேழு வருஷப் பழக்கம். மேஜர் குதித்தார், டயரை ஓர் உதை விட்டார், திரும்ப ஏறினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "சூப்பர் அங்கிள், ரொம்ப இயல்பா இருந்துச்சு, அப்படியே வெச்சுக்கறேன்!" என்று கல்பனா கத்தினாள். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தோம். செருப்பை ஒருவரும் பார்க்கவில்லை.

படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கு ஊரே வந்திருந்தது. மேஜர் சலவைச் சட்டையில் கடைசி வரிசையில். பக்கத்தில் நான், மடியில் நோட்டு.

தியேட்டர் சும்மா இருக்குமா?

"டேய், இமயமலன்றான், நம்ம கேளம்பாக்கம்டா!"

"அங்க பாரு, பனிமலைல கொக்கு நிக்குது!"

"யோவ், செத்த இன்சூரன்ஸு மறுபடியும் வர்றான்யா!"

மேஜர் அசையவில்லை. கொக்கு ராணுவத்தில் சேர்த்தி இல்லை என்பது அவர் நிலை. சல்யூட் சரி, தொப்பி சரி, லேஸ் சரி, அம்புக்குறி சரி. இடைவேளை தாண்டி, கிளைமாக்ஸ் தாண்டப் போகிறது. என் நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. அப்போது லாரி வந்தது. டிரைவர் குதித்தார். நீல வார் செருப்பு பனியில் பளிச்சென்று இறங்கி, டயரை உதைத்து, மறைந்தது. ஒரு வினாடி இருக்கும். அந்த நேரத்தில் தியேட்டர் மொத்தமும் மேஜர் முகத்தைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தது. சத்தியமாக ஒருவரும் காலைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். மேஜரும் பார்த்துவிட்டார். திரையில் மேஜர் மறுபடியும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பெரிதாகச் சிரித்தார்.

"விடுங்க மேஜர், யாரும் பாக்கல" என்று காதோரம் சொன்னேன்.

மேஜர் எழுந்து நின்றார். விரலைத் தூக்கினார். அந்த நிழல் நேராகப் போய் அவர் முகத்தின் மேலேயே விழுந்தது.

விசில் நின்றது. "இன்னா தப்பு மேஜர்?" என்று முன்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"செருப்பு" என்றார். உட்கார்ந்தார். "இன்சூரன்ஸு, எழுது."

எழுதினேன். இருட்டில் அந்த ஒரு வார்த்தை இரண்டு வரிக்குப் பரவியது.

வாசலில் மைக். பொத்தேரிப் பையன் ஒருவன், "ஃபர்ஸ்ட் ஆஃப் ஓகே ப்ரோ, செகண்ட் ஆஃப் கொஞ்சம் லேக்" என்றான். கருங்குழியிலிருந்து வந்த நெல் வியாபாரி, "எல்லாம் சரி, அந்தக் கொக்குக்கு இன்னா சம்பளம் குடுத்தாங்க?" என்று கேட்டார். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "பாவம் புள்ளைங்க. பனின்றான், வேர்வ ஊத்துது. யாரு பெத்த புள்ளைங்களோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்பனா தூணோரம் நகத்தைக் கடித்தபடி நின்றாள். எல்லோரும் மேஜருக்காகக் காத்திருந்தார்கள்.

மேஜர் நோட்டை வாங்கினார், கண்ணாடியை மாட்டினார். ஒரு வார்த்தையை வாசிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

"படத்துல தப்பு ஒண்ணே ஒண்ணு. டிரைவர் செருப்பு போட்டுகினு கீறான். டூட்டில செருப்பு. அந்தாளு பேஜாரு புடிச்ச ஆளு. அவன நிக்க வெச்சுக் கேக்கணும்."

"சார், அது நீங்கதானே?"

"அதத்தான் சொல்றேன்."

நான் வாயைத் திறந்தேன். "அது ஏன்னா, என் காலு..." அதற்குள் மேஜர் என் தோளில் கை வைத்து அழுத்தினார். "ஆர்மில காரணம் கேக்க மாட்டாங்க இன்சூரன்ஸு. தப்பான்னு மட்டும்தான் கேப்பாங்க." அழுத்திய கையை எடுக்காமலே மைக் பக்கம் திரும்பினார்.

"ரேட்டிங் சார்?"

"அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பேன். அந்த டிரைவரால ஒண்ணேகால் போச்சு. மூணே முக்கால்."

அவர் வாழ்க்கையில் கொடுத்த உச்ச மதிப்பெண் அதுதான். கல்பனா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தாள். படம் அந்த வாரம் முழுக்க ஓடியது. கூட்டம் செருப்பைப் பார்க்கத்தான் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் வந்ததும் தியேட்டர் முழுக்க விரல்கள் எழுந்தன.

இப்போது நான் படூரில் இருக்கிறேன். அவர் இன்னும் பேட்டரிக் கடையில்தான். ஒண்ணேகால் மேஜர் என்ற பேர் போய், செருப்பு மேஜர் என்றாகிவிட்டது. கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்க்கிறார். அன்றைக்கு அவர் சொல்லாத காரணத்தை நான்தான் சொல்லியாக வேண்டும். என்னிடம் மைக் இல்லை, பத்திரிகையில் இந்த ஒரு பக்கம் இருக்கிறது: அந்தச் செருப்பு என்னால் வந்தது.

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க மூன்று தடவை போனேன். "வெச்சுக்கோ, அடுத்த படத்துக்கு வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு அது இரண்டு சைஸ் பெரிது, அன்றைக்குப் போல் துணி திணிக்காமல் போட்டு நடக்க முடியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் உட்கார்ந்து பாலிஷ் போட்டுவிடுகிறேன்.