பதினாலு கிலோமீட்டர் ஹீப்ரு

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஹீப்ரு கற்றுக்கொள்வது என்று காசி முடிவெடுத்தான். காரணம் பக்தி அல்ல, மொழி ஆர்வமும் அல்ல. மச்சான் மூர்த்தி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மூர்த்தி மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு வந்துவிடுவான். மாடி அறையில் பையை வைப்பான். சாயங்காலம் காசியைக் கையோடு இழுத்துக்கொண்டு கிரிவலம் கிளம்புவான். பதினாலு கிலோமீட்டர். மலையைச் சுற்றுவதில் காசிக்கு ஆட்சேபணை இல்லை. மூர்த்தி வாயை மூடாமல் சுற்றுவதுதான் தாங்கவில்லை. சொட்டுநீர்க் குழாயில் ஆரம்பிப்பான். அடி அண்ணாமலை வருவதற்குள் காசியின் தொப்பையைக் கடந்து, ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டு இவன் வேறு என்ன தொழில் செய்யலாம் என்பதற்கு வந்திருப்பான்.

மாடி அறை கிடைக்காவிட்டால் மூர்த்தி வரமாட்டான். ஹாலில் பாய் போட்டால் அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த அறையில் இஸ்ரேலிலிருந்து வந்த யாயெல் வாடகைக்கு இருக்கிறாள். பௌர்ணமிக்கு முந்தின நாள் காலி செய்வதாகச் சொல்லியிருந்தாள். அவளை இன்னும் ஒரு வாரம் இருக்க வைத்துவிட்டால் போதும். ஆனால் மனைவி வினோதினியின் காதில் விழாமல் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசிவிட முடியாது. இங்கிலீஷ் இவனைவிட அவளுக்கு நன்றாக வரும். ஆகவே ஹீப்ரு.

கடையில் போனை வைத்துக்கொண்டு படித்தான். போக்கெர் தோவ் என்றால் காலை வணக்கம். தோதா என்றால் நன்றி. பெசேதெர் என்றால் சரி. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் தோதா சொன்னான். ஏழே நாளில் நாற்பது வார்த்தை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷை மூன்று முறை எழுதியவன் என்று யார் நம்புவார்கள்?

எட்டாம் நாள் காலை யாயெல் சமையலறையில் வினோதினியோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காசி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மனைவி எதிரிலேயே தைரியமாக ஆரம்பித்தான்.

“திஷாரி ஓத் ஷவூவா, பெவகஷா. அல் தகீதி லா.”

இன்னும் ஒரு வாரம் இரு, தயவுசெய்து. அவளிடம் சொல்லாதே என்று அர்த்தம். யாயெல் இவனைப் பார்த்தாள். வினோதினியைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று என்னவோ சொன்னாள். காசிக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பேசத்தான் படித்திருந்தான், பதில் வரும் என்று யோசிக்கவே இல்லை.

பதில் சொன்னது வினோதினி. வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், யாயெலைவிட வேகமாக, நாலு முழு வாக்கியம். யாயெல் சிரித்துக்கொண்டே பெசேதெர் என்றாள்.

“உனக்கு எப்படி வினோ?”

“ஆறு வருஷமா இவ ஊர்க்காரங்கதான நம்ம மாடில ஜாஸ்தி வந்து தங்கறாங்க. அல்லாரும் என்கிட்டதான் ரசம் கத்துக்கறாங்க. நீங்க ஒரு நாளாவது சமையக்கட்டுப் பக்கம் வந்திருந்தா உங்களுக்கும் வந்திருக்கும்.”

காசிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் காரியம் முக்கியம் அல்லவா? யாயெல் இருப்பாளா என்று மெல்லக் கேட்டான்.

“இருப்பா. மாடி அவளுக்குத்தான்.”

காசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப உங்க அண்ணன்?”

“அண்ணனுக்கு நம்ம கட்டில். நீங்க ஹால்ல படுத்துக்கோங்க. மலையப் பத்தி அண்ணன் நல்லா பேசும்னேன், அவளும் கூட நடக்கறேன்னுட்டா. தமிழ் புரியாதேனு ஒரே கவலை. எங்க வீட்டுக்காரருக்கு ஹீப்ரு தெரியும், அண்ணன் சொல்றத ஒண்ணு விடாம சொல்லிக்கினே வருவாருனு சொல்லிட்டேன்.”

காசி தன் நாற்பது வார்த்தைகளையும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். சொட்டுநீர்க் குழாய் அதில் இல்லை.